இருக்க ஒரு இடம்

அப்புக்குட்டி,

முப்பத்தைந்து வயது ஆம்பிளைப் பிள்ளையை இப்படிக் கூப்பிடாதேங்கோ, லைப்ரரியில் சனத்துக்கு முன்னால் வெட்கமாக இருக்கு என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் கேட்டதில்லை. கடைசியில் உன்னோடு வேலை செய்த பிரெண்டாவும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாக்குப் புரளாது, "அப்புகுடி, அப்புகுடி" என்பாள். "அம்மா, என்னைக் குடிகாரன் ஆக்கிப்போட்டீங்கள்" என்று நீ சிரிப்பாய். இப்போது வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் உன் தங்கை அறையை விட்டு வந்து என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு தேத்தண்ணி போடப் போகிறாள். அதனால் வாயால் கூப்பிடுவதை விட்டுவிட்டு எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் எழுதுவது இது. பிழைகள் இருக்கும். திருத்த நீ இல்லை, அப்படியே கிடக்கட்டும்.

இதை மடித்துப் பெட்டிக்குள் வைக்க நான் எழுதவில்லை. எங்கள் சனமும் வாசிக்கட்டும், தமிழ் தெரிந்த யாராவது பிரெண்டாவுக்கும் வாசித்துச் சொல்லட்டும். ஏனென்றால் நான் ஒரு பெரிய இடத்துக்குப் போய் ஒரு கதை சொன்னேன், அது வேறொரு கதையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு எழுதுகிற தாய் புத்தி சொல்லித்தான் எழுதுவாள். உனக்கு இனி நான் என்ன புத்தி சொல்ல? குளிருக்கு ஜம்பரைப் போடு, வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே, பஸ் ஏறினால் போன் எடு, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். நீயும் கேட்டு நடந்தவன்தான். கேட்டு நடந்தவனுக்கு இப்படி ஏன் நடந்தது என்று கோயில் ஐயரிடமும் கேட்டேன், உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி டொக்டரிடமும் கேட்டேன். நெஞ்சு நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஐயர் அதையும் சொல்லவில்லை.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தை நீ என்னைவிட நன்றாகச் சொல்லுவாய். உன் அப்பாவுக்கு பெட்ரோல் செட்டில் ஷிப்ட், எனக்குப் பின்னேரம் ஒரு ஒபிஸில் கிளீனிங். பள்ளிக்கூடம் விட்டு வருகிற உன்னை எங்கே விடுவது என்று தெரியாமல் சந்தியில் இருந்த லைப்ரரிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகக் காசு கேட்பார்களோ என்று வாசலில் நின்று பயந்ததும் நான்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை கிடந்தது. "இஞ்சையே இரு, அம்மா வாறன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன். நீ இருந்தாய். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரு என்றால் ஓரிடத்தில் தங்கு என்றும் அர்த்தம், கதிரையில் குந்து என்றும் அர்த்தம். இந்தியத் தமிழர் உட்கார் என்று சொல்லுவதற்கு நாங்கள் இரு என்போம். நான் ஒன்றை நினைத்துச் சொன்னேன், நீ மற்றதை எடுத்தாய். அந்தக் கதிரையை விட்டு நீ எழும்பவே இல்லை. மூத்திரத்துக்கும் எழும்பவில்லை. நான் திரும்பி வந்தபோது யாரோ ஒரு பிள்ளை மறந்து விட்டுப்போன காற்சட்டையோடு நீ இருந்தாய். உன்னுடையது ஹீட்டரில் காய்ந்துகொண்டிருந்தது. "இருக்கச் சொன்னீங்கள், இருந்தனான்" என்று விக்கி விக்கி அழுதாய். பக்கத்தில் நின்ற இளம்பெண்தான் பிரெண்டா. அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் உன் கையில் யானைப் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்து, நாளைக்கும் வா என்று கையைக் காட்டினாள்.

பிறகு எல்லா நாளும் போனாய். அவள் உன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் பார்த்துக்கொண்டாள். நீ வளர்ந்து படித்து அதே லைப்ரரியில் அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தாய். அன்றைக்கு ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருக்கிற உன் மாமா போன் எடுத்தார். "புத்தகம் அடுக்கிறதுக்கு டிகிரியோடா? என்ரை கடையிலை வந்து டின்மீனை அடுக்கன், கூடத் தாறன்" என்றார். நீ விடவில்லை. "மாமா, உங்கட கடையிலை அடுக்கிற சாமான் போனால் போனதுதான். என்ரை கடையிலை போனதெல்லாம் திரும்பி வரும்" என்றாய். மாமா அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். உன் செத்தவீட்டில் அவருக்கு அது நினைவு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

அப்பா போன பிறகு நானும் உன் லைப்ரரிக்கு வரத் தொடங்கினேன். வாசிக்க இல்லை, எழுத்துக் கூட்டி நான் ஒரு பக்கம் வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். வந்து பார்த்தபோதுதான் உன் வேலை என்னவென்று தெரிந்தது. பெனிபிட் போர்ம் நிரப்பத் தெரியாமல் வருகிற சோமாலிப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பாய். பேப்பர் பார்க்க வருகிற பஞ்சாபிக் கிழவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போன் எடுப்பாய். வருகிற எல்லாரையும் "வாங்கோ, இருங்கோ" என்பாய். தமிழ் தெரியாதவர்களையும் அப்படியே கூப்பிடுவாய். பிரெண்டாவும் அதைப் பழகி, வெள்ளைக்காரருக்கும் "வாங்கோ, இருங்கோ" சொல்லத் தொடங்கினாள். ஒருநாள் அவள் இரண்டாவது சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது நீ சின்ன வயதில் காற்சட்டை நனைத்த கதையைச் சொல்லி, குந்துவதும் அதுதான், தங்குவதும் அதுதான், உயிரோடு இருப்பதும் அதுதான், எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல்தான் என்று விளங்கப்படுத்தினாய். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது மட்டும் எனக்கு விளங்கியது, மற்றதை நீ வீட்டுக்கு வந்து சொன்னாய்.

லைப்ரரியை மூடப்போகிறார்கள் என்ற கதை வந்ததிலிருந்து உன் முகம் சரியில்லை. கவுன்சிலிடம் கேட்டால் மேலிடம் காசு தருகுதில்லை என்கிறார்கள். மேலிடத்தில் கேட்டால் அது கவுன்சிலின் வேலை என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் பந்து மாதிரி உருளுகிறோம் என்று சாப்பிடும்போது சொன்னாய். பல இடத்து லைப்ரரிக்காரர் எல்லாரும் சேர்ந்து பார்லிமெண்டுக்குப் போய் எம்பிமாரைக் கண்டு பேசப்போகிறோம், லைப்ரரிகளுக்கென்று தனியாகக் காசு ஒதுக்கச் சொல்லி, படித்த ஆள் இல்லாமல் ஒரு லைப்ரரியும் நடத்தக்கூடாது என்று கேட்கப்போகிறோம் என்றாய். அதற்கு லொபி பண்ணுவது என்று பெயர் என்றாய். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடத்துக்கும் லொபி என்றுதானே சொல்லுகிறார்கள், "அங்கை போய்ச் சும்மா குந்திக்கொண்டு இருக்கப் போறியளோ?" என்று கேட்டேன். நீயும் தங்கையும் சிரித்த சிரிப்பில் சோறு புரைக்கேறியது. அந்தக் கிழமையே நீ போய்விட்டாய். அன்றைக்குப் பின்னேரம் வழக்கம்போல நான் போன் எடுத்து "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு நிக்கிறன் அம்மா, வந்திடுவன்" என்றாய். பின்னால் பஸ் வருகிற சத்தமும் கேட்டது. நீ அதில் ஏறவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு பிரெண்டா வீட்டுக்கு வந்தாள். உன் கோப்பிக் கப்பையும் கதிரையில் தொங்கிய ஜம்பரையும் கொண்டுவந்தாள். ஜம்பரைக் கழுவாமல் கொண்டுவந்தாள், அதற்கு நான் அவளுக்கு எப்படி நன்றி சொல்லுவது என்று தெரியவில்லை. பார்லிமெண்டுக்குப் போகிற அன்றைக்கு எம்பியோடு பேச இருந்தது நீதானாம். உன் இடத்தில் நான் வர ஏலுமா என்று கேட்டாள். உன் தங்கை "அம்மாவாலை ஏலாது, பிரெண்டா" என்று சொல்லத் தொடங்க, நான் "ஓம்" என்றுவிட்டேன். மூடப்போகிற லைப்ரரி எனக்கு லைப்ரரி மட்டும் இல்லை. உன்னை எரித்த சாம்பலைக் கடலில் விட்டாயிற்று. நீ நடந்த இடம், நீ பேசின இடம் என்று போய் நிற்க எனக்கு அது ஒன்றுதான் மிச்சம். அங்கே போனால் பிரெண்டா உன்னுடைய குரலில் "வாங்கோ, இருங்கோ" என்பாள். அதை யாரும் என்னிடமிருந்து எடுக்கக்கூடாது என்றுதான் போனேன். எனக்கு வேறு அரசியல் தெரியாது.

விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தேன், அத்தனை பேர் வெறும் வயிற்றோடு நிற்பார்களே என்று. பார்லிமெண்ட் வாசலில் பையைச் சோதித்தவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் முகத்தைக் குனிந்து மணந்துவிட்டு உன் தங்கையிடம் ஏதோ கேட்டான். "தனக்கு ஒண்டு மிச்சம் வருமோ எண்டு கேக்கிறான் அம்மா" என்றாள். ஒன்று கொடுத்தேன். டியூட்டியில் சாப்பிட ஏலாதாம், வாங்கவில்லை. உள்ளே ஒரு பெரிய மண்டபம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற உயரம். அதற்கும் பெயர் லொபிதானாம். பச்சை அட்டையில் எம்பியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவர் வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. நான் சொன்னது பிழையில்லை பார்த்தாயா, குந்திக்கொண்டுதான் இருந்தோம். லைப்ரரிக்காரர் எல்லாரும் கம்பளிச் சட்டையும் நெஞ்சில் குத்தின பட்ஜுமாக, ஒருவரோடு ஒருவர் காதுக்குள் பேசிக்கொண்டு இருந்தார்கள். சத்தம் போட்டு ஒன்றைக் கேட்டுப் பழகாத சனம். அவர்களைப் பார்க்க எனக்கு உன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எம்பி வந்தார். கெட்ட மனிதன் என்று சொல்ல மாட்டேன். களைத்த முகம். என் இரண்டு கையையும் பிடித்து, உன் விஷயம் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிரெண்டா காசு விபரம் எல்லாம் சொன்னாள், அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் லைப்ரரியில் என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டார். பிரெண்டாவின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். "நான் வாசிக்கிறேல்லை" என்றேன். "எங்களுக்கு இருக்க ஒரு இடம் வேணும். வீட்டிலை நாங்கள் கிடக்கிறம். அங்கைதான் இருக்கிறம்" என்றேன். என் வாயில் அப்படி ஒரு வசனம் வரும் என்று நானே நினைக்கவில்லை. சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. உன் தங்கையும் அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாள். அதில் சிட், சிட் என்று ஒரு சொல் இரண்டு தரம் என் காதில் விழுந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஏதோ இடறியது. ஆனால் எம்பி என் கையைத் தட்டிக்கொடுத்தார், தலையாட்டினார். பெரிய மனிதன் தலையாட்டும்போது நானும் தலையாட்டினேன். வருகிற வழியில் ட்யூபில் ரோல்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டோம். உங்கள் பிள்ளைக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று பிரெண்டா சொன்னாளாம். நான் அன்றைக்கு நித்திரை கொண்டேன், நீ போன பிறகு முதல் தரமாக.

பிறகு கொஞ்ச நாளில் எம்பியின் நோட்டீஸ் ஒன்று கதவுக்குள்ளால் விழுந்தது. அவர் படத்துக்குக் கீழே லைப்ரரியின் படம். உன் தங்கை குசினியில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். லைப்ரரிக் கட்டடம் மூடப்படாது. புத்தகம் கொஞ்சம் இருக்கும். வேலையாட்கள் இருக்க மாட்டார்கள், கார்டைக் காட்டினால் கதவு தானாகத் திறக்கும். புதுக் கதிரைகள் போடுவார்கள், வெயிலில்லாத நாளில் ஹீட்டர் ஓடும். அதற்குக் கீழே, பிள்ளையை இழந்த ஒரு தாய் என்னிடம் வந்து எங்களுக்குக் குந்த ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார், அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று இருந்ததாம்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளை" என்றேன்.

"சொன்னீங்கள் அம்மா. இருக்க ஒரு இடம் எண்டு."

"ஓம், இருக்க."

"இருக்கிறது எண்டா சிட் பண்ணிறதுதானே? வீட்டை ஆக்கள் வந்தா இருங்கோ எண்டுதானே சொல்லுறீங்கள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், நோட்டீஸைப் பார்த்தாள். "வீட்டிலை கிடக்கிறம் எண்டதுக்கு நான் லை டவுன் எண்டு சொன்னனான்" என்றாள். அவள் குரல் சின்னதாகிப் போனது. "அம்மா, நான் நீங்கள் வீட்டிலை படுத்திருக்கிறீங்கள், லைப்ரரியிலை கதிரை வசதி எண்டு சொல்லிப்போட்டன் என்ன? அண்ணா எண்டா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான் என்ன?" நோட்டீஸைக் கீழே போட்டுவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டாள். நான் அவளை ஏசவில்லை, அப்புக்குட்டி. ஏசினேன் என்று நினைக்காதே. இங்கே பிறந்த பிள்ளை, வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு நான் கதிரையைக் காட்டிச் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தச் சொல்லைப் பழகினாள். பக்கத்தில் நானும் குந்தி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்தது, இரண்டு பேரும் எழும்பவில்லை.

பிரெண்டாவிடம் சொல்லச் சொல்லித் தங்கையிடம் சொன்னேன், இப்படிப் பிழை நடந்துபோயிற்று என்று. அவள், உங்கள் சொல்லால் ஒன்றும் நடக்கவில்லை, அவர்கள் அதற்கு முன்னமே முடிவெடுத்துவிட்டார்கள், ஒரு வசனம் தேவைப்பட்டது எடுத்துக்கொண்டார்கள் என்றாளாம். என் மனம் ஆறட்டும் என்று சொன்னாளோ, உண்மையாகவே அப்படித்தானோ, எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களுக்காக ஒருமுறை சரியாக எழுதிவிடுகிறேன். நான் கதிரை கேட்கவில்லை. என் வீட்டில் கதிரை இருக்கிறது. சிலநேரம் ஆறு கதிரையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுகிற ஆள் ஒன்று நிற்கிற இடத்தைத்தான் கேட்டேன்.

பிரெண்டாவின் கடைசி நாளுக்குப் போனேன். கேக் வெட்டினார்கள், பஞ்சாபிக் கிழவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஒரு பாட்டுப் படித்தார், யாருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். பிரெண்டா தன் சாமானை ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள். "அப்புகுடி" என்றாள்.

இன்றைக்குப் பின்னேரம் நான் தனியே போனேன். கார்டைக் காட்டினேன், கதவு திறந்தது. புதுக் கதிரைகள் நல்ல கதிரைகள்தான், பொய் சொல்லக்கூடாது. முதுகுக்கு இதமாக இருக்கிறது. ஹீட்டரும் ஓடியது. இரண்டு பேர் தூரத்தில் தூரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் உள்ளே வந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்த அந்த ஹீட்டர்ப் பக்கம் போய்க் குந்தினேன். நீ அன்றைக்கு எனக்காக எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய் என்று அப்போதுதான் விளங்கியது. கதவையே பார்த்துக்கொண்டு, எழும்பாமல், அம்மா வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவள் வருவாள் என்று.

போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரைத் தங்கை இன்னும் வெட்டவில்லை. இந்த நேரத்துக்கு நான் எடுப்பேன் என்று உனக்குத் தெரியும். எங்கை இருக்கிறாய் என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை, இருக்கிறவன் அங்கேயே இருந்துவிடுவான். நிற்கிறவன்தான் வீட்டுக்கு வருவான். அதனால் வழக்கமாகக் கேட்பதையே கேட்கிறேன்.

அப்புக்குட்டி, எங்கை நிக்கிறாய்?